நாற்பத்தொன்றாம் தாய்

முப்பத்தேழாவது பாட்டிலின் மூடியைத் திருகும்போது வனராணிக்கு அடிவயிற்றில் மறுபடியும் ஒரு பிடி பிடித்தது. பிடித்தால் பிடிக்கட்டும் என்று இடுக்கியை உள்ளே விட்டு, வாழைக்குருத்துக் கொத்தைப் பதமாக இழுத்துத் தட்டில் வைத்தாள். சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத குருத்துகள், ஆறோ ஏழோ, அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. வெளி இலையைச் சீவு, கறுத்த அடியை நறுக்கு, கொத்தைப் பிரி, நாலு நாலாகப் புது பாட்டிலின் ஜெல்லியில் நட்டு வை, வாயைச் சுடரில் காட்டி மூடு. பதினொரு வருஷமாக இதே வேலை. கைக்கு எல்லாம் தெரியும், அவள் தேவையே இல்லை. இந்த வேலையில் உள்ள வசதியும் தொந்தரவும் அதுதான். கை பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருக்கும், மனசு எங்கேயாவது போய்க் கிடக்கும். இன்றைக்கு அது போய்க் கிடந்த இடம் வெளியறை பெஞ்சு. காலை எட்டரைக்கு உள்ளே வரும்போதே பார்த்தாள், செருப்புகள் கிடக்கிற மூலையில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முருகாயி உட்கார்ந்திருந்ததை. நாற்பத்தேழு வயது. இந்த அறையில் அடுத்த இருக்கை அவளுடையது, ஆறு வருஷமாக முழங்கை இடிக்காமல் பக்கத்துப் பக்கத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஏன்க்கா இங்க இருக்கீங்க என்று கேட்டதற்கு, தமயந்தி இருக்கச் சொன்னாள், பதினொரு மணிக்கு மதுரையிலிருந்து முதலாளி ஐயா வருகிறார், அவர் முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்களாம் என்றாள். அனுப்புவது என்றால் வீட்டுக்கு, ஒரேயடியாக. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தபடியே, “என்னாலதான் போல, வனம். எனக்கே அப்பிடித்தான் தோணுது” என்றாள். வனராணிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே வந்தால், சூப்பர்வைசர் தமயந்தி நோட்டோடு நிற்கிறாள். எழுதியாகிவிட்டது, இங்கே மூத்த ஆள் நீதான், நீயும் ஒரு கையெழுத்துப் போட்டால் ஐயாவுக்கு நம்பிக்கை வரும் என்றாள். வனராணி எட்டிப் பார்த்தாள். ‘முருகாயி, இருக்கை எட்டு, சுத்தக் குறைவு’ என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். கையில ஸ்பிரிட் தடவிட்டேன்க்கா, அப்புறமாப் போடுறேன் என்று தப்பித்து வந்து உட்கார்ந்தவள்தான். கடிகாரம் இப்போது ஒன்பது நாற்பது காட்டியது.

சுத்தக் குறைவு. அந்த இரண்டு வார்த்தையைச் சீவிச் சீவிப் பார்த்தாலும் உள்ளே இருப்பது வேறு என்று ஐயாவுக்குத் தெரியாது, அறையில் வெட்டுகிற பன்னிரண்டு பெண்களுக்கும் தெரியும். இந்த லேப்பில் ஒரு வழக்கம் உண்டு. சுவரில் ஒட்டியிருக்கிற இருபத்திரண்டு விதிகளில் அது கிடையாது. தலைக்கு உறை, வாய்க்கு மாஸ்க், நகம் வெட்டியிருக்க வேண்டும், பூ வைக்கக் கூடாது, வளையல் கூடாது, எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. தூரமான பெண் மூன்று நாளைக்கு வெட்டுகிற அறைக்குள் வரக் கூடாது. பின்பக்கக் கொட்டகையில் போய் பாட்டில் கழுவ வேண்டும். அதற்கு ‘வெளிவேலை’ என்று நாசூக்காக ஒரு பேர். உடைமாற்றும் அறைக் காலண்டரில் அவரவர் நம்பருக்கு நேரே தமயந்தி புள்ளி வைப்பாள். ஐயா அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, முறை போட்டு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறாயே என்று பாராட்டிவிட்டுப் போனார். பாவம், அவருக்கு அவ்வளவுதான் தெரியும். மண் இல்லாமல், வெயில் இல்லாமல், ஒரு கன்றிலிருந்து ஆயிரம் வாழையைக் கண்ணாடிக்குள் வளர்க்கிறோம் என்று வாசலில் பெரிய போர்டு. பார்க்க வருகிற விவசாயிகள் வாயைப் பிளந்துகொண்டு போகிறார்கள். உள்ளே வந்து பார்த்தால் சின்னமனூரின் எந்த வீட்டுப் புழக்கடையிலும் இருக்கிற அதே கொட்டகை, என்ன, இங்கே குழாய் வைத்திருக்கிறார்கள். முருகாயி செய்த தப்பு எல்லாம் ஒன்றுதான். அவளுக்கு வயசாகி நாள் தப்பித் தப்பி வர ஆரம்பித்திருந்தது. மூன்று மாசம் வராது, வந்தால் சொல்லாமல் வரும். போன மாசம் ஒரு மத்தியானம் வெட்டிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. மற்றவளாக இருந்தால் மூச்சுவிட்டிருக்க மாட்டாள். அவள் எழுந்துபோய்த் தமயந்தியிடம் உண்மையைச் சொன்னாள், அழ வேறு செய்தாள். மூன்றாவது வாரம் வளர்ப்பறையில் பாட்டில்கள் பால் விட ஆரம்பித்தன. குருத்தின் அடியைச் சுற்றி ஜெல்லிக்குள் பாலைக் கரைத்து ஊற்றின மாதிரி வெள்ளையாகப் படரும். அது கிருமி. படர்ந்தால் பாட்டிலோடு வேகவைத்துக் கொட்ட வேண்டியதுதான். நாலாயிரம் பாட்டில் போனது. காரணம் கேட்டு மதுரையிலிருந்து போன் வந்ததும் தமயந்தியின் விரல் நேரே அந்தப் புள்ளிக்குப் போனது.

உண்மையைச் சொன்னவளுக்கு இது கிடைத்தது. வனராணி மூன்று வருஷமாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவளுக்குக் கிடைத்தது வேறு. இன்றைக்கு அவளுக்கு இரண்டாம் நாள். நேற்று முதல் நாள். நேற்றும் இதே இருக்கையில் நூற்றிருபது பாட்டில் வெட்டினாள். காலண்டரில் அவளுடைய புள்ளிகள் போன வாரமே வைத்தாகிவிட்டது, மூன்று நாள் கொட்டகையில் பாட்டுக் கேட்டுக்கொண்டே சந்தோஷமாகப் பாட்டில் கழுவினாள், ஒரு வலி இல்லை, ஒன்றும் இல்லை. இது ஆரம்பித்தது ஒரு மார்கழியில். அன்று நிஜமாகவே இரண்டாம் நாள், ஈரத்தரையில் குத்தவைத்து, பிளீச்சிங் தண்ணீருக்குள் முழங்கை வரை விட்டுக் கழுவும்போது இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு, இவ்வளவு வலியோடு எதற்கு இந்த வேலை, வலி இல்லாத நாளில் வந்து கழுவினால் என்ன, பாட்டிலுக்கா தெரியப்போகிறது என்று தோன்றியது. தோன்றினதைச் செய்துவிட்டாள். மாசம் தவறாமல் ஒரு பொய்த் தூரம், அதற்கொரு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுதல், நிஜமான நாளில் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு குளுகுளு அறையில் நாற்காலியில் உட்கார்ந்து வெட்டுதல். முதல் மாசம் பயம்தான். வெட்டின பாட்டில்களை வளர்ப்பறையில் தினம் போய்ப் பார்த்தாள், குற்றம் செய்தவள் திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே போவாளே, அப்படி. ஒன்றுகூடப் பால் விடவில்லை. இரண்டாம் மாசமும் இல்லை. அந்த வருஷம் குறைவாகக் கெட்டுப்போன பாட்டில் யாருடையது என்று கணக்குப் பார்த்து ஒரு எவர்சில்வர் டப்பா பரிசு கொடுத்தார்கள். இருக்கை ஏழு, வனராணி. டப்பாவை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் சிரித்த சிரிப்புக்குக் காரணம் தெரியாமல் அவள் புருஷன் விழித்தான். ஆனால் ஒன்று, அந்தச் சிரிப்பின் காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குப் பொய்யென்று தெரிந்த ஒன்றை, தெரிந்தும், மற்றவர்கள் மாசாமாசம் குத்தவைத்துக் கழுவும்படி விட்டாள். முருகாயியும் கழுவினாள். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தது இன்றைக்கு வேறு மாதிரி நாறுகிறது.

நாற்பத்தொன்பது. இந்தக் கொத்து நல்ல கொத்து, வெள்ளையாக, தண்ணீர்விட்ட மாதிரி பளபளவென்று. நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருக்கும்போது, அவள் கழிவு ரேக்குக்குப் போனாள். கெட்ட பாட்டில்கள் வேகப்போவதற்காக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு மூடியிலும் மூன்று விஷயம் எழுதியிருக்கும், தேதி, வெட்டினவளின் இருக்கை எண், எந்தத் தாய்க்கன்றின் வழிவந்தது என்று தாய் எண். எல்லோரும் இருக்கை எண்ணைத்தான் பார்த்தார்கள். எட்டு, எட்டு, எட்டு, முருகாயி, முருகாயி. அவள் தாய் எண்ணைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. அடுத்ததும் நாற்பத்தொன்று. இருக்கை மூன்று வெட்டினதும் நாற்பத்தொன்று, பதினொன்று வெட்டினதும், ஏழு வெட்டினதும். ஏழு அவளேதான், அதுவும் காலண்டரிலும் நிஜத்திலும் அவள் சுத்தபத்தமாக இருந்த ஒரு தேதியில். முருகாயிக்கு அந்தத் தாயின் பாட்டில்களை அதிகம் கொடுத்திருந்தார்கள், அதனால் அவள் எண் அதிகம் வந்தது, அவ்வளவுதான் சங்கதி. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். அந்தத் தாயின் உடம்புக்குள்ளேயே கிருமி இருந்திருக்கிறது, நாலு தடவை வெட்டிப் பெருக்கிய பிறகு வெளியே வந்திருக்கிறது. முன்பு இங்கே வந்துபோன ஒரு விஞ்ஞானி அம்மா சொல்வார்கள், கன்றை வெளியே எத்தனை தடவையும் கழுவலாம், உள்ளே இருக்கிறதைக் கழுவ முடியாது என்று. வனராணிக்கு உடனே ஓடிப்போய்த் தமயந்தியிடம் சொல்லத்தான் ஆசை. இரண்டடி வைத்தாள், நின்றாள். நாற்பத்தொன்றைக் கன்றிலிருந்து முதன்முதல் வெட்டினது யார்? பச்சைக் கிழங்கைச் சீவிக் குருத்து எடுப்பது எல்லோருக்கும் கொடுக்கிற வேலை இல்லை, கை பழகினவளுக்குத்தான். இருக்கை ஏழுக்குத்தான். அப்படியே திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தாள். என்றைக்கு வெட்டினோம்? நேற்று இரவெல்லாம் அதே கேள்வி. வேன் வரும் வழியிலும் அதே. அன்றைக்கு என்ன நாள், தனக்கு அன்றைக்கு என்ன?

எட்டு மாசத்துக்கு முன்னால், ஐப்பசி. மழை. அது மட்டும் நிச்சயம். கன்று கொண்டுவந்த மினி லாரியின் சக்கரம் வாசலில் சேற்றில் புதைந்து, டிரைவர் கத்திக்கொண்டிருந்தார். கன்றுகள் தண்ணீர் நின்ற கொல்லையிலிருந்து பிடுங்கினவை, வேரெல்லாம் கறுப்புக் களிமண். அன்றைக்கு வெள்ளிக்கிழமையா? வெள்ளி என்றால் தலைக்குக் குளித்திருப்பாள், உறைக்குள் ஈரம் இருந்ததா? ஞாபகம் இல்லை. கிழங்கைச் சீவிக்கொண்டே போகும்போது நடுவில் பென்சில் கோடு மாதிரி ஒரு பழுப்பு ரேகை வந்தது, அது ஞாபகம் இருக்கிறது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் லேசாக ஊசல் வாடை. அக்கா, இதுல அழுகல் இருக்கு, வேண்டாம்க்கா என்று அவள் காட்டியதும், தமயந்தி எட்டிப் பார்த்து, பெரிய தார் போட்ட மரத்துக் கன்று, இதுக்காகவே ஐயா சொல்லி அனுப்பியிருக்கார், ரேகையை விட்டுச் சீவி எடுத்துக்கோ என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை இருக்கிறது. ஆனால் உடம்பு? உடம்பு அன்றைக்கு என்ன சொன்னது? இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறது. நாற்பத்தொன்று, மழை, சேறு, ரேகை, மறுபடி மழை. ஐம்பத்திரண்டாவது பாட்டிலின் மூடியைச் சுடரில் காட்டும்போது அடிவயிறு மறுபடி பிடித்தது, பிடித்த அந்த நொடியில் வந்துவிட்டது. மாத்திரை. அன்றைக்குக் காலை உடைமாற்றும் அறையில் பையிலிருந்து மாத்திரை நழுவிப் பெஞ்சுக்கு அடியில் உருண்டது. குனிந்து எடுத்துக் கொடுத்தது முருகாயி. தலைவலியாத்தா என்று கேட்டாள். ஆமாக்கா என்றாள் இவள். முருகாயி மாத்திரையைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள், இவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தாள். மூன்று பிள்ளை பெற்றவளுக்கு எது தலைவலி மாத்திரை, எது எதற்கு என்று தெரியாதா? தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிவிட்டுத் தன் பாட்டுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆமாம், அன்றைக்கு இரண்டாம் நாள். இன்றைக்குப் போலவே இரண்டாம் நாள்.

கை நின்றுவிட்டது. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாகக் கை நின்றது, குருத்து இடுக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் நான்தானா? நாற்பத்தொன்று பால் விட்டது என் தீட்டாலா? ஒரு மூச்சு நேரம், ஒன்றோ இரண்டோ, அவள் அதை நம்பினாள். பதின்மூன்று வயதிலிருந்து ஊறினது, அவ்வளவு சீக்கிரம் போகுமா, ஊறுகாய் ஜாடியைத் தொடாதே, செடியைத் தொடாதே, பட்டுப்போகும் என்று கேட்டுக் கேட்டு எலும்பில் இறங்கியிருக்கிறது. இரண்டு மூச்சுக்கு அப்புறம் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ரேகை கத்தி படும் முன்னாலேயே இருந்தது. ஊசல் வாடை இவள் தொடும் முன்னாலேயே வந்தது. மூன்று வருஷத்தில் இப்படி நூறு நாள் வெட்டியிருக்கிறாள், அந்தக் கன்றுகள் எல்லாம் கம்பம் வரைக்கும் தோட்டம் தோட்டமாக நின்று தார் விட்டுக்கொண்டிருக்கின்றன, ஒரு வாழையாவது வந்து நீ எந்த நாளில் என்னை வெட்டினாய் என்று கேட்டதா? இன்னொன்று அதைவிடக் கூர்மையாக வந்தது. முருகாயிக்குத் தெரியும். எட்டு மாசமாக, ஒருவேளை மூன்று வருஷமாகவே தெரியும். இன்றைக்கு வெளியே செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள், நான் இல்லை, ஏழாம் இருக்கையைக் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. அதற்குப் பதில் என்னாலதான் போல என்கிறாள். நிஜமாகவே நம்பித்தான் சொன்னாளா, இல்லை, நீ வாயைத் திறக்காதே, போய் வேலையைப் பார் என்று வனராணிக்குச் சொன்னாளா? அந்த முகத்தை மறுபடி நினைத்துப் பார்த்தாள், தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டில் எது என்றாலும் வயிற்றெரிச்சல் ஒன்றுதான். சொன்னால் என்ன ஆகும் என்று பயம் வரிசையாக வந்து நின்றது. மாமியார் காதுக்கு வேன் டிரைவர் மூலமாகவே சாயங்காலத்துக்குள் போய்விடும், வேலைக்குப் போய் இப்படியா ஊரை ஏமாற்றுகிறாய் என்பார். மூன்று வருஷத்தில் தூர நாளிலும் மறைத்துச் சமைத்ததையெல்லாம் எண்ணிப் பார்ப்பார், பார்க்கட்டும், இன்னும் உயிரோடு நன்றாகத்தான் இருக்கிறார். புருஷன் இரண்டு நாள் பேசாமல் இருப்பான், இருக்கட்டும். வேலை போகும். அதை மட்டும் போகட்டும் என்று இலேசில் சொல்ல வரவில்லை. இந்த நாற்காலி, இந்தக் கத்தி, குருத்து பிரியும்போது விரலுக்கு மட்டும் தெரிகிற அந்தச் சின்ன நறுக், இது அவளுக்குப் பிடித்திருந்தது, வாழ்க்கையில் அவளாகப் பார்த்துத் தேர்ந்தது இது ஒன்றுதான். இதை விட்டுவிட மனசில்லை. இதே ஆசை முருகாயிக்கும் இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்துப் பார்த்ததில்லை, இப்போது நினைத்தாள். இடுக்கியில் தொங்கின குருத்தை நட்டாள். அடுத்த பாட்டிலைத் திறந்தாள். கை ஓடியது, முன்னைவிட வேகமாக.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தமயந்தி நோட்டோடும் பேனாவோடும் வந்து பின்னால் நின்றாள். வனராணி திரும்பவில்லை, அப்போதுதான் ஒரு கொத்தை வெளியே எடுத்து வைத்திருந்தாள்.

“வனம், ஐயா வண்டி பைபாஸ் தாண்டிருச்சாம். ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வெட்டு.”

“போட மாட்டேன்க்கா.”

ஏன் என்று தமயந்தி கேட்டதற்கு, கொத்தைப் பிரித்துக்கொண்டே, எதிரே சுத்தக் காற்றை ஊதுகிற இயந்திரத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். “நாப்பத்தொண்ணை முதல்ல வெட்டினது நான். அன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாளு. இன்னைக்கும் ரெண்டாம் நாளுதான். மூணு வருஷமா நான் இப்பிடித்தான் வெட்டுறேன், காலண்டர்ல உள்ளது பூராம் பொய். டப்பா குடுத்தீகள்ல, அந்த வருஷமும் இப்பிடித்தான்.”

அறையில் தட்டில் கத்தி படுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. இயந்திரத்தின் உறுமல் மட்டும் மிச்சம். தமயந்தி சுற்றுமுற்றும் பார்த்தாள், மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, வனராணியின் தோளுக்கு மேலாக முகத்தைக் கொண்டுவந்து, காதோரம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா, இதை ஐயாவிடம் எந்த வாயால் சொல்வது, அவளோடு சேர்த்து உன்னையும் வெளியே தள்ளினால் நான் பொறுப்பில்லை, இப்போதே எழுந்து கொட்டகைக்குப் போ, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவள் மூச்சு வனராணியின் கன்னத்தில் சுடச்சுடப் பட்டது, காலையில் தின்ற பூண்டுச் சட்னி வாடையோடு.

“ஐயாகிட்ட நானே சொல்லிக்கிறேன்க்கா. கழிவு ரேக்குக்குக் கூட்டிட்டுப் போயி மூடி மூடியாப் படிச்சுக் காட்டுறேன். அழுகல் கிழங்க வெட்டச் சொன்னது யாருன்னும் சொல்றேன். முருகாயியக்காவ உள்ள வரச் சொல்லுங்க, அவுக எடம் காலியாக் கெடக்கு.”

தமயந்தி இன்னும் குனிந்தாள், இன்னும் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். வனராணி இடது கையால் திறந்த பாட்டிலின் வாயைப் பொத்தினாள்.

“தள்ளி நில்லுங்கக்கா. பேசுறதா இருந்தா மாஸ்க்கை ஏத்திக்கிட்டுப் பேசுங்க. பாட்டில் தொறந்திருக்கு.”

தமயந்தி பாட்டிலைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தை அது. ஓரடி பின்னால் போனாள், கை தானாக எழுந்து மாஸ்க்கை மூக்குவரை ஏற்றியது.